மாப்பிள்ளை காருக்கு முன்னால் நடந்தேன்

அன்புள்ள குமார்,

நான் ஆடவில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள். போன ஆவணியில் கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேண்டு வாசித்தார்கள். நான் அவர்களுக்கும் முன்னால் கைத்தடியோடு நடந்தேன். யாரோ அதைப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். உன் சித்தப்பா அதன் கீழே, "மதினிக்கு இந்த வயசுல ஆட்டம் கேக்குது" என்று எழுதி, அழ அழச் சிரிக்கும் முகம் ஒன்றையும் வைத்தார். பசுவந்தனையில் இருக்கும் உன் அத்தை அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். நீ பார்த்தாய். ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. அது உனக்குத் தெரியும். வலது காலை வைத்து இடது காலை இழுக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். அது ஆட்டம் என்றால் எலும்பு டாக்டரின் வராந்தா முழுக்க ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கைத்தடியை நான் தூக்கித் தூக்கி இறக்கியது வாஸ்தவம். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ஆடினேன் என்று சொல்லிக்கொண்டு அலையாதீர்கள். எனக்கு ஆடத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆடியிருப்பேன், அதையும் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

பேச்சு குழுவில் கிளம்பியதால் பதிலும் குழுவிலேயே இருக்கட்டும். இந்தத் தாள்களை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். அதற்கு முன் இவற்றைப் படம் எடுத்துக் குழுவில் போடும் வேலையை வித்யா செய்வாள். "அப்பா கோவிச்சுக்கிட்டா என்ன செய்ய ஆச்சி?" என்று கேட்டாள். "உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாய் திறந்து பேசுவான். அதற்காகவாவது போடு" என்றேன். போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உன் மகளுக்கு உன்னைவிட முதுகெலும்பு நேராக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடிக்கிறவரை மழையைப் பற்றியும் உளுந்து விதைப்பைப் பற்றியும் பேசினார். அவர் இப்படி மழையில் ஆரம்பித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மதினி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்கப்பிடாது. குமாரு போன் போட்டான். தை மாசம் வித்யா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புல செண்டை மேளம் வைக்கலாம்னு சொல்லுதான். உங்க பிள்ளையள் பேண்டு வேண்டாமாம். சம்பந்தி வீட்டுக்காரவிய என்ன நினைப்பாவளோன்னு யோசிக்கான். நீங்க மண்டபத்துல ஃபேனுக்குக் கீழ சொகமா உக்காந்திருந்தா போதும்" என்றார்.

"நான் என்ன மூட்டையா, கொண்டுவந்து இறக்கி வைக்கிறதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கில்ல மதினி. ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? மாப்பிள்ளை வாரப்ப எதிர்ல..." என்று இழுத்தார்.

"எதிர்ல?"

டம்ளரை எடுத்து, அதில் காபி இல்லை என்று பார்த்து, மறுபடி வைத்தார். அவர் முடிக்காத வாக்கியத்தை நான் முடிக்கிறேன். தாலி இல்லாதவள் மாப்பிள்ளைக்கு எதிரே வரக்கூடாது. அதுதானே? அந்த வாக்கியத்தை நீ அவர் வாயில் கொடுத்து அனுப்பினாய். அவரும் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் கூச்சமாக இருக்கிறதென்றால், அந்த வாக்கியத்தில்தான் ஏதோ கோளாறு என்று உனக்குத் தோன்ற வேண்டாமா?

நான் ஏன் முன்னால் நடக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் போனாலும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தூத்துக்குடியில் கான்வெண்ட் விடுதியில் நான் படித்தபோது, வாரம் ஒரு முறை மணியாச்சியிலிருந்து ரயிலில் ஒரு மிஸ் வருவார். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தார். மிஸ்தான் எங்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். ஒரே தேவாலயப் பாட்டை அவர் இரண்டு விதமாக வாசிப்பார். வராந்தாவில் மதரின் செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டு விறைப்பாக நேரே போகும். சத்தம் தேய்ந்ததும் பாட்டு கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். நம் கால் தானாக அசையும். "இது என்ன மிஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன். "பாட்டு அதே பாட்டுதான். நான் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி, கெட்ட வார்த்தை சொல்வதுபோல. எனக்குப் பியானோ வரவில்லை. விரல் போகவில்லை. ஆனால் எண்ண வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓடும்போது மற்றவர்கள் ஒன்றிலும் மூன்றிலும் அழுத்துவார்கள். இந்தச் சங்கீதம் இரண்டிலும் நான்கிலும் அழுத்தும். அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நாற்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன், ஹெட்மிஸ்ட்ரஸாக ஓய்வு பெற்றேன். எண்ணுவதை மட்டும் விடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடத் தாளாளர், "வாரத்தில் இரண்டு நாள் வந்து பிள்ளைகளைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அப்போது பேண்டு என்பது பி.டி. அறையில் கிடந்த நாலு டிரம்மும் பச்சை பிடித்த இரண்டு பியூகிளும்தான். பெரிய டிரம்முக்குள் எலி குட்டி போட்டிருந்தது. சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் அவற்றைத் தட்டி வெளியே எடுப்பார்கள், கொடியேற்றி முடிந்ததும் உள்ளே போட்டுப் பூட்டுவார்கள். அந்தச் சமயத்தில் பகுதி நேர பேண்டு டீச்சராக வந்தவள் செல்வி. முப்பது வயது, ஸ்கூட்டர், காதில் ஒற்றைக்கல் தோடு, வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவள் அப்பா பேண்டு செட் நடத்துகிறவர். கல்யாணத்துக்கும் வாசிப்பார்கள், சாவு வீட்டுக் கேதத்துக்கும் வாசிப்பார்கள். செல்வி சின்ன வயதிலிருந்தே டிரம்பெட் ஊதுகிறாள்.

உன் சித்தப்பா அப்போதே ஆரம்பித்துவிட்டார். பள்ளி வாசலில் என்னைப் பார்க்க வந்தவர் செல்வியைப் பார்த்துவிட்டு, "கேதத்துக்கு ஊதுறவ பொம்பளைப் பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்பா மதினி?" என்று அவள் காதில் விழும்படியாகவே கேட்டார். செல்வி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு நிதானமாக வந்தாள். "உங்க வீட்டுப் பெரியவருக்கும் நாங்கதான் அண்ணாச்சி வாசிச்சோம். எங்கப்பாவைக் கட்டிப்பிடிச்சு, நல்லா வாசிச்சீரு வேய்னு சொன்னது நீங்கதானே?" என்றாள். உன் சித்தப்பாவுக்கு அன்றைக்கு ஏதோ அவசர வேலை நினைவு வந்துவிட்டது.

ஒரு மாலை செல்வி தனியாக உட்கார்ந்து கொடி அணிவகுப்புப் பாட்டை ஊதிக்கொண்டிருந்தாள். அது நேராகப் போகவில்லை, சாய்ந்து போனது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "இதை எங்கே படிச்ச?" என்றேன். "படிக்கல டீச்சர். ஊர்வலத்துல மணிக்கணக்கா ஒரே பாட்டை ஊதினா சலிப்பு வந்துரும்லா? சலிப்பு தீர இப்படி ஒடிச்சு ஒடிச்சு ஊதுவோம். தப்பா?" என்றாள். தப்பு இல்லை, இதற்குப் பெயர் இருக்கிறது என்றேன். அந்த வாரமே வித்யாவிடம் கேட்டு, போனில் ஜாஸ் இசையாக அனுப்பச் சொன்னேன். செல்வி ஒரு காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "ஏட்டி, இது நம்ம ஆளுக!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. அந்தப் பேண்டுக்கு இடம் கொடுத்தது உன் அப்பாவின் பருத்திக் குடோன். பள்ளிக்கூடத்தில் வாசித்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் குடோன் சும்மா கிடந்தது. முதல் நாள் உள்ளே ஊதியபோது சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து மண்டையைப் பிளந்தது. பருத்தி அடைத்து வைத்திருந்த காலத்தில் அங்கே உரக்கப் பேசினாலும் குரல் அடங்கித்தான் கேட்கும் என்பது ஞாபகம் வந்தது. பழைய சாக்குகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். சத்தம் கட்டுப்பட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகள் செருப்பில் ஒரு படிக் கரிசல் மண்ணோடு வருவார்கள். வாசலிலேயே சுரண்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தாமதமாக வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும். பசுவந்தனை பஸ் பிந்திவிட்டது என்ற காரணத்தை நான் ஏற்பதில்லை. அதற்கு முந்தின பஸ் ஒன்று இருக்கிறது.

பெற்றோர்கள் சும்மா விட்டுவிடவில்லை. ஒரு தாய் என் வீட்டு நடையில் நின்று, "டீச்சர், பொட்டப்புள்ள குழல் ஊதினா உதடு தடிச்சிரும்னு சொல்லுதாக. பெறகு எவன் கட்டுவான்?" என்று கேட்டாள். "கட்டுகிறவன் உதட்டை அளந்து பார்த்துத்தான் கட்டுவான் என்றால் அவன் உன் மகளுக்கு வேண்டாம்" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் மகளை அனுப்பிவிட்டாள். கையில் வெண்ணெய் டப்பாவோடு, ஊதி முடித்ததும் உதட்டில் தடவிக்கொள்ள. முதல் வருஷம் எட்டுப் பேர் இருந்த பேண்டு இன்று இரண்டு பிரிவாக நடக்கிறது. டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன் எல்லாம் பழைய மாணவிகள் ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தவை. சாக்ஸபோன் யார் கொடுத்தது தெரியுமா? உன் மகள், முதல் சம்பளத்தில். பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நீ அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அவள் சம்பளத்தில் என்ன செய்தாள் என்று கேட்டிருப்பாய், "சேமித்தேன்" என்றிருப்பாள். அதுவும் பொய்யில்லை.

ஜாஸில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் முறை வரும். முறை வந்தவள் பாட்டை விட்டு வெளியே போய்த் தனக்குத் தோன்றியதை வாசிக்கலாம். மற்றவர்கள் கீழே தாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இது பிடிக்கவே இல்லை. முதல் ஆண்டு விழாவில், எழுதி வைத்ததற்கு மேல் ஒரு ஸ்வரம்கூட யாரும் வாசிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். "டீச்சர், இது வாய்ப்பாடு இல்ல. பிள்ளையளை விடுங்க" என்றாள் செல்வி. விட்டேன். அடுத்த பயிற்சியில் கிளாரினெட் பெண் ஒருத்தி தன் முறையில் எங்கேயோ போய்விட்டாள். பாட்டு அவளுக்குத் தவறிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. நான் தடியைத் தட்டுவதை நிறுத்தினேன். செல்வி என்னைப் பார்த்து, "நிறுத்தாதீங்க! நீங்க நிறுத்தினா அவ எதுக்குள்ள திரும்பி வருவா?" என்று கத்தினாள். தட்டினேன். அந்தப் பெண் சுற்றிச் சுற்றி வந்து, சரியாக நான்கில் உள்ளே விழுந்தாள். விழுந்ததும் சிரித்தாள். ஊதிக்கொண்டே சிரிக்க முடியாது என்பதால் ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

குமார், இதைக் கவனித்து வை. வித்யாவும் ஒரு நாள் உனக்குப் புரியாத இடத்துக்குப் போவாள். எல்லாப் பிள்ளைகளும் போவார்கள். அப்போது நீ செய்ய வேண்டியது தாளத்தை நிறுத்தாமல் இருப்பது. கூப்பாடு போட்டுக் கூப்பிடுவதல்ல, கோபித்துக்கொண்டு பாட்டை முடிப்பதுமல்ல. அவள் திரும்பி வரும்போது நீ அதே இடத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் உன் விஷயத்தில் செய்தேனா என்று கேட்டால், செய்தேன். நீ இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் குடோனில் படுத்துக் கிடந்தபோது தினமும் காலையில் உனக்கு இட்லி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீயாகத் திரும்பிப் போனாய்.

இனி நடைக்கு வருகிறேன். நின்று வாசிக்கும்போது பிள்ளைகள் தாளத்தில் இருப்பார்கள். நடக்கும்போது இருக்க மாட்டார்கள். நம் ஊர்வலங்களில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். இளவட்டங்கள் பேண்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டு, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்பார்கள். சாதாரணப் பேண்டு செட் அதற்கேற்ப ஓடும். இந்தச் சங்கீதம் ஓடினால் செத்துப்போகும். செல்வியின் இரண்டு கையும் டிரம்பெட்டில் இருக்கும். அவளால் தாளம் காட்ட முடியாது. ஆகவே நான் முன்னால் நடக்கிறேன். ஒன்றிலும் மூன்றிலும் என் கால் விழும். இரண்டிலும் நான்கிலும் தடி விழும். பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தடியின் நுனியைப் பார்க்கிறார்கள். முழங்கால் மடங்காததால் என்னால் வேகமாக நடக்க முடியாது. எவன் வந்து கத்தினாலும் முடியாது. அதுதான் இந்தப் பேண்டின் பலம்.

இதை நம்பாதவர்களுக்கு எட்டயபுரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக் கல்யாணம். ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வந்து, மிகுந்த மரியாதையோடு, "டீச்சர் எதுக்கு வெயில்ல நடக்கணும்? வேன்ல ஏறி உக்காருங்க" என்றார். பொழுது சாய்ந்துவிட்டது, வெயிலே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. வேனில் ஏறினேன். காருக்குப் பின்னால் வேன், காருக்கு முன்னால் பேண்டு. தெரு முக்கு திரும்பியதும் பையன்கள் விசிலடித்தார்கள். பிள்ளைகள் வேகம் பிடித்தார்கள். பிறகு ஓட்டம்தான். மாப்பிள்ளை சாமி கும்பிட கார் ஒரு கோயில் வாசலில் நின்றது, பேண்டு நிற்கவில்லை. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் மேளச் சத்தம் நெருங்கியதும் தலையை நிமிர்த்தாமல் தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டும் பாடிவிட்டார்கள். பொட்டு வைக்க நிமிர்ந்து பார்த்தால், எதிரே பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு எங்கள் மகாலட்சுமி, ஒன்பதாம் வகுப்பு, மூச்சு வாங்க நிற்கிறாள்.

"ஏட்டி, மாப்பிள்ளை எங்க?" என்று பெண்ணின் அத்தை அலறினாளாம்.

"பின்னால வாராவ அத்தை. கோயில்ல நிக்காவ."

"உனக்கா ஆரத்தி எடுத்தோம்?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அத்தை. டிரம் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

மகாலட்சுமி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவளின் மகள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை. அந்த ஒரு நாளில் எட்டயபுரம் முழுக்கப் பிரபலமாகிவிட்டாள். மாப்பிள்ளைக்காக மறுபடி ஆரத்தி கரைத்தார்கள், மறுபடி பாடினார்கள். மரியாதையாக என்னை வேனில் ஏற்றிய பெரியவர் அதன் பிறகு என் கண்ணில் படவில்லை.

இந்தக் கதை எங்களுக்கு முன்பே கோவில்பட்டி வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் ஆவணிக் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க வந்த பெண்ணின் தகப்பனார், உட்காரும் முன்பே, "டீச்சர், நீங்கதான் முன்னால நிக்கணும். எங்க மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்து சேரணும் பாத்துக்கிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுந்து போகும்போது சிரிக்காமல், "யாராவது எதும் சொன்னா நான் பேசிக்கிடுதேன்" என்றார். பேசவும் செய்தார். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருத்தி முணுமுணுத்தபோது, அவர் காரை விட்டு முன்னால் வந்து என் பக்கத்தில் நடந்தார், மண்டபம் வரைக்கும். அவர் ஒரு மளிகைக் கடைக்காரர். நம்மைப் போல் நிலபுலன் கிடையாது. படத்தில் என் வலது பக்கம் தெரிகிற வெள்ளைச் சட்டை அவர்தான். அதை யாரும் குழுவில் எழுதவில்லை.

அந்தக் கல்யாணப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாளா என்று உன் அத்தை ஆள் விட்டு விசாரித்தாளாம். நன்றாக இருக்கிறாள். ஆனால் அதை என் கட்சிக்குச் சாட்சியாகச் சொல்ல மாட்டேன். நாளைக்கே அவளுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகாமல் போனாலும் அதற்கு என் கால் பொறுப்பல்ல. என் கால் தாளத்துக்குத்தான் பொறுப்பு.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். மாப்பிள்ளை அழைப்பில் நீ திறந்த காரில் ரோஜா மாலையோடு வருகிறாய். பெற்றவர்கள் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நிற்கிறார்கள். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மண்டபத்தில் அரிசி மூட்டை வைக்கிற அறையில். உன் அப்பா போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. உன் அத்தை என் கையைப் பிடித்து, "மதினி, குமாரு வந்து எறங்குறவரைக்கும் கொஞ்சம் இங்கன இருங்க" என்றாள். இருந்தேன். அந்த அறைக்கு மேலே சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாகப் பேண்டு சத்தம் வந்தது. வேகமாக வாசித்தார்கள். ரொம்ப வேகம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உன்னைத் தனி ஆளாக நின்று படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியவள் நான். உன் கார் வாசலில் வந்து நிற்பதை நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் அழவில்லை. கோபப்படவும் இல்லை. எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள், இதில் என்ன என்று நினைத்தேன். நாள் போகப் போகத்தான் கோபம் வந்தது. தாமதமாக வந்த கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது. வழக்கத்தை ஒரு முறை முழுசாக அனுசரித்துவிட்டேன், குமார். ஒருத்திக்கு ஒரு முறை போதும். உன் கல்யாணத்தில் எனக்கு அரிசி மூட்டை அறை. உன் மகள் கல்யாணத்தில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி. முன்னேற்றம்தான். எனக்கு அந்த முன்னேற்றம் வேண்டாம்.

சம்பந்தி அம்மாள் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சரி என்று சொல்லலாம், முகத்தைத் திருப்பலாம். ஆனால் உனக்கும் தெரியாது. நீ அவரிடம் கேட்கவே இல்லை, வித்யாவிடம் விசாரித்துவிட்டேன். கேட்காத கேள்விக்கு நீயே ஒரு பதிலை எழுதிக்கொண்டு, அதற்கு அவர் பெயரைப் போட்டுவிட்டாய். பரீட்சையில் இப்படிச் செய்தால் நான் பூஜ்யம் போடுவேன். மாப்பிள்ளைப் பையனிடம் வித்யாவே கேட்டிருக்கிறாள். "ஆச்சி மெதுவா நடந்தா எனக்கும் நல்லதுதான், காரிலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டே வரலாம்" என்றானாம். நல்ல பையன். ஆனால் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டியவன் அவன் இல்லை, நீ.

எங்கள் பேண்டு அழைக்காத கல்யாணத்துக்குப் போகாது. டீச்சர் வீட்டுக் கல்யாணம் என்பதற்காகவும் போகாது. பெண்ணைப் பெற்றவர் வந்து தாம்பூலம் வைத்தால்தான் பிள்ளைகள் குழலைத் தொடுவார்கள். இந்த விதியைப் போட்டவளே நான்தான். மகாலட்சுமி இப்போது பத்தாம் வகுப்பு. தன் முறைக்கு என்ன வாசிக்கலாம் என்று தீர்மானித்து வைத்திருக்கிறாள். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கிறவர்களின் அடியில் தொடங்கி, எங்கேயோ சுற்றிப்போய்த் திரும்பி வருகிறாள். "வித்யாக்காவுக்காக டீச்சர்" என்கிறாள். குடோனில் சாக்குக்கு நடுவே அதைத் தினமும் அடித்துப் பழகுகிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் நான் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "உங்க மவன் என்ன சொன்னாவ?" என்று நேற்றும் கேட்டாள். "இன்னும் சொல்லவில்லை" என்றேன். உனக்காக நான் சொன்ன சமாதானங்களில் அது கடைசி.

நீ வேண்டாம் என்றால் நான் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட மாட்டேன். அப்படி ஒரு நிம்மதியை உனக்குத் தர மாட்டேன். வருவேன். நாற்காலியில் உட்கார மாட்டேன். மண்டப வாசலில், ஆரத்தித் தட்டு வைத்திருக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் நின்று, என் பேத்தியைக் கட்டப்போகிறவன் காரிலிருந்து இறங்குவதை இரண்டு கண்ணாலும் பார்ப்பேன். அந்த வாசலிலிருந்து என்னை நகர்த்த வேண்டுமென்றால் நீயே வந்து, முழு வாக்கியமாகச் சொல்லி, கையைப் பிடித்து நகர்த்த வேண்டும். சித்தப்பாவை அனுப்பாதே. அவர் பாவம், பாதி வாக்கியத்துக்கு மேல் போக அவரால் முடியாது.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். பேண்டு வேண்டுமா, வேண்டாமா. வேண்டுமென்றால் நான் எங்கே நடக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில். போனில் வேண்டாம், போனில் நீ "பாப்போம்மா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உன் கையால் எழுது. உன் கையெழுத்து எனக்குத் தெரியும், பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். கார்த்திகை பிறப்பதற்குள் தபாலில் சேர்த்துவிடு.

பதில் எழுது.

உன் அம்மா